அத்தியாயம் 7: மணி அடிக்கிறது, குரல் வரவில்லை
மீடியா முகவரிக் கோளாறைக் கண்டுபிடித்துத் தீர்க்கும் முறை

பசறையிலோ மடூல்சீமையிலோ ஹப்புத்தளையிலோ ஒரு தோட்ட அலுவலகத்தின் இணையவழித் தொலைபேசியை நீங்கள் பராமரித்துவந்தால், இந்தப் புகார் ஒருநாள் உங்களிடம் வந்தே தீரும்: “மணி அடிக்குது தம்பி, எடுத்தா ஒன்னுமே கேக்குதில்ல.” சில நேரம் புகார் வேறு மாதிரி வரும்: “நாங்க பேசுறது அவங்களுக்குக் கேக்குதாம். அவங்க பேசுறது எங்களுக்குக் கேக்குதில்ல.”

உடனே எல்லோரும் மலையையும் மழையையும் குறைசொல்வார்கள். ஆனால் இணைப்பு பலவீனமாக இருந்தால் குரல் விட்டுவிட்டு வரும், உடைந்து வரும். மணி சரியாக அடித்து, அழைப்பும் சரியாக இணைந்து, ஒரு பக்கம் மட்டும் முழு அமைதி என்றால் முதலில் முகவரியைச் சந்தேகியுங்கள். குரல் போய்ச் சேரவேண்டிய முகவரியை யாரோ பிழையாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அல்லது அந்த முகவரிக்கு வருவதை ஏதோ ஒரு கருவி தடுக்கிறது.

இதைச் சின்னக் கோளாறு என்று தள்ளிவைக்காதீர்கள். தோட்ட டிஸ்பென்சரியிலிருந்து பதுளை வைத்தியசாலைக்குப் போகும் அழைப்பும், மத்திய கிழக்கில் வேலைசெய்யும் தாய் பிள்ளைகளைத் தேடி எடுக்கும் அழைப்பும் இதே வழியில்தான் வருகின்றன. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்ததற்குப் பிறகு, ஊவா மலையில் தோட்டத்துத் தொலைபேசி இருபக்கமும் பேசுகிறதா என்பது உயிர் சம்பந்தப்பட்ட விடயம்.

தெரிந்திருக்க வேண்டிய கொஞ்சம்

இணையவழி அழைப்பில் இரண்டு தனித்தனிப் போக்குவரத்துகள் உண்டு. முதலாவது சிக்னலிங். யார் யாரை அழைக்கிறார், மணி அடிக்கிறதா, எடுத்தாரா, வைத்தாரா என்ற செய்திகளை சிப் நெறிமுறை கொண்டுபோகும். வழமையாக இதன் போர்ட் 5060. இரண்டாவது மீடியா, அதாவது குரல். இதை ஆர்டிபி பெக்கட்டுகள் வேறு போர்ட்டில் கொண்டுபோகின்றன.

குரலை எங்கே அனுப்புவது என்பதை இரு பக்கமும் சிப் செய்திக்குள் வைத்து எழுதிக்கொள்கின்றன. அந்தப் பகுதிக்குப் பெயர் எஸ்டிபி. திரையில் ஆங்கில எழுத்தில் தெரியும் அதன் முக்கிய வரிகள் இரண்டையும் ஒலிப்பில் தருகிறேன்:

சி=ஐஎன் ஐபி4 192.168.1.20
எம்=ஓடியோ 12000 ஆர்டிபி/ஏவிபி 8 0 101

முதல் வரி சொல்வது: “குரலை 192.168.1.20 என்ற முகவரிக்கு அனுப்பு.” இரண்டாவது வரி சொல்வது: “12000ஆம் போர்ட்டுக்கு அனுப்பு, ஏ-லோ, மியூ-லோ என்ற குரல் வடிவங்கள் இரண்டும் எனக்குப் புரியும், பொத்தான் அழுத்தங்களை 101ஆம் வகையில் அனுப்பு.”

இந்த உதாரணத்திலேயே கோளாறும் இருக்கிறது. 192.168 என்று தொடங்கும் முகவரி அலுவலகத்துக்குள் மட்டும் செல்லும். கடித உறையில் “ஆறாம் காம்பரா” என்று மட்டும் எழுதி, தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் விட்டுவிட்டால் என்ன ஆகும்? லயத்தில் இருப்பவருக்கு விளங்கும், கொழும்புத் தபால்காரருக்கு விளங்காது. அதேதான் இங்கும் நடக்கிறது.

பின்வரும் தொடக்கங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வெளியே போகும் எஸ்டிபியில் இவற்றில் ஒன்று தெரிந்தால் உடனே நில்லுங்கள்.

• 10.
• 172.16 முதல் 172.31 வரை
• 192.168
• 100.64 முதல் 100.127 வரை (பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்க இணைய நிறுவனங்கள் பயன்படுத்துவது)

இந்த அத்தியாயத்தின் வேலை முழுவதும் மூன்று முகவரிகளை ஒப்பிடுவதுதான்:

அ. சிப் செய்தி உண்மையில் எந்த முகவரியிலிருந்து வந்தது?
ஆ. எஸ்டிபியின் சி வரியில் எந்த முகவரி எழுதியிருக்கிறது?
இ. ஆர்டிபி பெக்கட்டுகள் உண்மையில் எந்த முகவரியிலிருந்து வருகின்றன?

கவனம்: அ-வும் ஆ-வும் வேறுபட்டாலே கோளாறு என்று முடிவுகட்டாதீர்கள். பெரிய சேவை நிறுவனங்கள் சிக்னலிங்குக்கு ஒரு இயந்திரத்தையும் மீடியாவுக்கு இன்னொன்றையும் வைத்திருப்பது சாதாரணம். எழுதிய முகவரிக்குப் போய்ச் சேர முடியாவிட்டால்தான் அது கோளாறு. எழுதியது ஒன்று, குரல் வருவது வேறொன்றிலிருந்து என்றால், அதை உங்கள் பக்கம் ஏற்க மறுக்கும்போதும் கோளாறு.

தொடங்குமுன் பாதுகாப்பு

1. மின்னல். மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் ஊவா மலையில் பிற்பகல் இடி அதிகம். வேலையைக் காலையில் முடியுங்கள். இடிச் சத்தம் கேட்டதும் கூரை அன்டெனா, வெளியே போகும் கேபிள், கம்பி ஹெட்செட் எதையும் தொடாதீர்கள்.

2. மின்சாரம். பிரதான சுவிட்சை அணைத்தாலும் யூபிஎஸ் 230 வோல்ட்டை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். பெட்டியைத் திறக்க வேண்டுமானால் யூபிஎஸ்ஸையும் அணைத்து, கம்பியையும் கழற்றுங்கள்.

3. மண்சரிவு எச்சரிக்கை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை உங்கள் பிரதேசத்துக்கு அமுலில் இருக்கும்போது இயங்கிக்கொண்டிருக்கும் தொலைபேசி அமைப்பில் கைவைக்காதீர்கள். அரைகுறையாக இயங்கும் போன், அந்த நேரத்தில் இயங்காத போனைவிட மேல்.

4. அவசர எண்கள். 119, 1990, 117 ஆகியவற்றுக்குச் சோதனை அழைப்பு எடுக்கவே வேண்டாம்.

5. அனுமதியும் அந்தரங்கமும். அமைப்பின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஆர்டிபியைப் பதிவுசெய்தால் குரலும் சேர்ந்து பதிவாகும். பிறர் அழைப்பை இடைமறிப்பது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்கீழ் குற்றம். இரு முனையிலும் உங்கள் ஆட்களே பேசும் சோதனை அழைப்பை மட்டும், அவர்களுக்குச் சொல்லிவிட்டுப் பதிவுசெய்யுங்கள். வேலை முடிந்ததும் கோப்பை அழித்துவிடுங்கள்.

6. நகல். பிபிஎக்ஸ் (அலுவலகத்தின் அழைப்புப் பரிமாற்ற இயந்திரம்), ரவுட்டர் இரண்டின் தற்போதைய அமைப்பையும் நகலெடுத்து வையுங்கள். வேலை முடியும்வரை அலுவலகத்தில் ஒரு கைபேசி தயாராக இருக்கட்டும். அந்த எண்ணை டிஸ்பென்சரிக்கும் பெக்டரிக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தேவையானவை

• வயர்ஷார்க் நிறுவிய மடிக்கணினி (இலவச மென்பொருள்)
• பிபிஎக்ஸ், ரவுட்டர் இரண்டுக்கும் நிர்வாகிக் கடவுச்சொல்
• சேவை நிறுவனம் எழுத்தில் தந்த சிக்னலிங், மீடியா முகவரிப் பட்டியல்
• வெவ்வேறு நிறுவனங்களின் சிம் போட்ட இரண்டு, மூன்று கைபேசிகள்
• பேனாவும் கொப்பியும்

பட்டியல் கையில் இல்லாவிட்டால் இன்றே கேளுங்கள். அது இல்லாமல் ஃபயர்வோலைச் சரியாக அமைக்க வழியில்லை.

கோளாறைத் தேடும் படிகள்

படி 1: புகாரைச் சரியாகக் கேளுங்கள்

“கோல் வேலை செய்யுதில்ல” என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். அலுவலகத்தில் போனை எடுத்தவரிடமே கேளுங்கள்:

“ஐயா, நீங்க பேசினது அவங்களுக்குக் கேட்டுச்சா? அவங்க பேசினது உங்களுக்குக் கேட்டுச்சா? முதல்லயே கேக்கல்லயா, கொஞ்ச நேரம் பேசின பிறகு நின்னுச்சா? எத்தனை மணிக்கு? எந்த நம்பருக்கு?”

யாருக்குக் கேட்கவில்லை என்பதே முதல் துப்பு. நினைவில் வைக்கவேண்டிய விதி இது: பிழையான முகவரியை எழுதிக் கொடுத்தவருக்குத்தான் குரல் கேட்காமல் போகும். உங்களுக்குக் கேட்கவில்லை என்றால், முதலில் நீங்கள் எழுதிய எஸ்டிபியையும் உங்கள் ஃபயர்வோலையும் பாருங்கள். எதிர்முனைக்குக் கேட்கவில்லை என்றால், அவர்கள் எழுதிய எஸ்டிபியைப் பாருங்கள். உங்கள் பெக்கட் வெளியே போகிறதா என்பதையும் பாருங்கள்.

படி 2: பாதையை இரண்டாக வெட்டுங்கள்

ஆஸ்டரிஸ்க் அடிப்படையிலான ஃப்ரீபிபிஎக்ஸ் போன்றவற்றில் *43 அழுத்தினால் எதிரொலிச் சோதனை வரும். நீங்கள் பேசுவது உங்களுக்கே திரும்பக் கேட்கும்.

1. அலுவலக மேசைப் போனிலிருந்து *43 அழுத்துங்கள். குரல் திரும்பினால் போனுக்கும் பிபிஎக்ஸுக்கும் இடையிலான பாதை சரி.
2. வெளியிலிருந்து வரும் ஒரு எண்ணைத் தற்காலிகமாக எதிரொலிச் சோதனைக்குத் திருப்புங்கள். கைபேசியிலிருந்து அந்த எண்ணை அழையுங்கள். குரல் திரும்பினால் சேவை நிறுவனத்துக்கும் பிபிஎக்ஸுக்கும் இடையிலான பாதையும் சரி.
3. முதலாவது சரியாகி இரண்டாவது தோற்றால், கோளாறு ரவுட்டருக்கும் சேவை நிறுவனத்துக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. தொடருங்கள்.

படி 3: அட்டவணை போட்டு அழையுங்கள்

பதுளை 055 நிலையான எண், பண்டாரவளை 057 நிலையான எண், டயலொக், மொபிடெல், ஹட்ச் கைபேசிகள், ஒரு வெளிநாட்டு எண் என்று வரிசையாக அழையுங்கள். ஒவ்வொன்றிலும் இரு திசையையும் சோதித்துக் குறியுங்கள். எண்ணின் முதல் மூன்று இலக்கத்தை வைத்து ஊகிக்காமல், எந்த நிறுவனத்தின் சிம் என்று எதிர்முனையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா இடத்துக்கும் ஒரே கோளாறு என்றால் காரணம் உங்கள் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு நிறுவனத்துக்குப் போகும்போது மட்டும் என்றால், உங்கள் சேவை நிறுவனத்துக்கும் அந்த நிறுவனத்துக்கும் இடையிலான எல்லையில் கோளாறு இருக்கலாம். இந்த வித்தியாசம் பிறகு புகார் எழுதும்போது பெரிய துணை.

படி 4: ஒரு அழைப்பைப் பதிவுசெய்யுங்கள்

பதிவை பிபிஎக்ஸ் இயந்திரத்திலேயே எடுங்கள். மடிக்கணினியை சுவிட்சில் சும்மா சொருகினால் அது தன்னுடைய போக்குவரத்தை மட்டும் பார்க்கும். பிபிஎக்ஸின் பெக்கட் அதற்குத் தெரியாது. பிபிஎக்ஸில் எடுக்க முடியாவிட்டால், சுவிட்சில் பிபிஎக்ஸ் இருக்கும் போர்ட்டை மடிக்கணினி இருக்கும் போர்ட்டுக்குப் பிரதிசெய்யும் வசதியை இயக்குங்கள்.

சிப் பெக்கட்டை முழுமையாக எடுங்கள். ஆர்டிபிக்கு ஒவ்வொரு பெக்கட்டிலும் முதல் 64 பைட் போதும். முகவரி, போர்ட், வரிசை எண் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும், பேச்சு விளங்கும்படி பதிவாகாது.

சோதனை அழைப்பை 40 விநாடியாவது நடத்துங்கள். இரு பக்கமும் தொடர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணட்டும்.

படி 5: மூன்று முகவரிகளையும் கொப்பியில் எழுதுங்கள்

வயர்ஷார்க்கில் “டெலிஃபொனி” மெனுவில் “வாய்ப் கோல்ஸ்” திறந்து, உங்கள் அழைப்பைத் தெரிவுசெய்து, “ஃப்ளோ சீக்வென்ஸ்” அழுத்துங்கள். செய்திகள் ஏணிப்படி போல வரிசையாகத் தெரியும். மூன்று செய்திகளுக்குள் இருக்கும் எஸ்டிபியைத் திறந்து பாருங்கள்:

• இன்வைட்: அழைத்தவர் எழுதிய முகவரி
• 183: எடுப்பதற்கு முன் வரும் அறிவிப்புக் குரலின் முகவரி
• 200 ஓகே: எடுத்தவர் எழுதிய முகவரி

183இலும் 200இலும் முகவரி மாறியிருந்தால் அதைத் தனியாகக் குறியுங்கள். எம் வரிக்குக் கீழே இன்னொரு சி வரி இருக்கிறதா என்றும் கட்டாயம் பாருங்கள். மேலே ஒரு சி வரி, கீழே ஒரு சி வரி என்று இரண்டு இருந்தால் கீழே உள்ளதுதான் செல்லும். இடையிலுள்ள கருவி மேல் வரியைத் திருத்திவிட்டுக் கீழ் வரியை அப்படியே விட்டுவிடுவது உண்டு. மேல் வரியை மட்டும் பார்க்கிறவர் “முகவரி சரியாகத்தானே இருக்கிறது” என்று நாள்முழுக்கத் தேடுவார்.

படி 6: பெக்கட்டை எண்ணுங்கள்

“டெலிஃபொனி”, “ஆர்டிபி”, “ஆர்டிபி ஸ்ட்ரீம்ஸ்” என்று போங்கள். சரியான அழைப்பில் இரண்டு வரிகள் இருக்கும்: போவது ஒன்று, வருவது ஒன்று.

ஏ-லோ குரல் வழமையாக 20 மில்லி விநாடிக்கு ஒரு பெக்கட் அனுப்பும். அப்படியென்றால் விநாடிக்கு 50. 30 விநாடிக்கு ஒரு திசையில் 1,500. 1,500 போய் 0 வந்தால் அது முகவரி அல்லது தடுப்புக் கோளாறு. 1,500 போய் 1,300 வந்தால் முகவரி சரி; பெக்கட் வழியில் தொலைகிறது. அதற்கு இணைப்பைத்தான் பார்க்க வேண்டும், இந்த அத்தியாயம் உதவாது.

ஒரு மாதிரிக் கணக்கு

கீழே உள்ள வெளி முகவரிகள் நூல்களில் உதாரணம் காட்டவென்று ஒதுக்கப்பட்டவை. தோட்ட பிபிஎக்ஸ் 192.168.1.20. ரவுட்டரின் பொது முகவரி 203.0.113.25. சேவை நிறுவனத்தின் சிக்னலிங் 198.51.100.10, மீடியா 198.51.100.44. கொப்பியில் இப்படி இருக்கிறது:

நாம் அனுப்பிய இன்வைட்: சி வரி 192.168.1.20, போர்ட் 12000
அவர்கள் தந்த 200 ஓகே: சி வரி 198.51.100.44, போர்ட் 30416
போன ஆர்டிபி: 198.51.100.44க்கு, 1,500
வந்த ஆர்டிபி: 0

இதை வாசிக்கும் விதம்: அவர்கள் எழுதியது பொது முகவரி, நமது குரல் அங்கே போகிறது. ஆகவே எதிர்முனைக்கு நாம் பேசுவது கேட்கும். நாம் எழுதியதோ உள்முகவரி. அவர்களுடைய குரல் 192.168.1.20ஐத் தேடிப் புறப்பட்டு வழியிலேயே அழிகிறது. திருத்தவேண்டியது நமது பிபிஎக்ஸ்.

அதே கணக்கில் நமது சி வரி 203.0.113.25 என்றும் 200 ஓகேயின் சி வரி 10.20.4.7 என்றும் இருந்திருந்தால் கதை மாறும். அது எதிர்முனை நிறுவனத்தின் உள்முகவரி; எல்லையில் மாற்றப்படாமல் நம்வரை கசிந்து வந்திருக்கிறது. நமது குரல் நமது ரவுட்டரைத் தாண்டியதும் தொலையும். நாம் எதையும் மாற்ற வேண்டாம். ஆதாரத்தோடு புகார் எழுத வேண்டும்.

அறிகுறியிலிருந்து காரணம்

• உங்களுக்கு மட்டும் கேட்கவில்லை: உங்கள் எஸ்டிபியில் உள்முகவரி, அல்லது நிறுவனத்தின் மீடியா முகவரியை உங்கள் ஃபயர்வோல் தடுக்கிறது.

• எதிர்முனைக்கு மட்டும் கேட்கவில்லை: அவர்கள் எஸ்டிபியில் உள்முகவரி; அல்லது உங்கள் ரவுட்டர் வெளியே போகும் ஆர்டிபியைத் தடுக்கிறது.

• இருவருக்கும் கேட்கவில்லை: இரு எஸ்டிபியிலும் பிழை இருக்கலாம். முதல் பெக்கட் வரட்டும், வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பலாம் என்று இரு பக்கமும் காத்துக்கொண்டிருக்கவும் கூடும். போனில் அமைதியின்போது பெக்கட்டை நிறுத்தும் வசதி இயங்கினால் அதை அணைத்துப் பாருங்கள்.

• நன்றாகப் பேசி, 32 விநாடியில் அறுகிறது: இங்கே பிழை மீடியா முகவரியில் இருக்காது, சிப் செய்தியின் கொன்டாக்ட் வரியில் உள்முகவரி இருக்கும். எடுத்தவரின் 200 ஓகேக்குப் பதிலாகப் போகவேண்டிய ஏசிகே அவரைச் சேராததால், 32 விநாடி காத்திருந்து அவர் பக்கம் அழைப்பைத் துண்டிக்கிறது.

• ஹோல்டில் வைத்து எடுத்ததும், அல்லது மாற்றிக் கொடுத்ததும் குரல் போகிறது: இரண்டாவது இன்வைட்டில் முகவரி மாறுகிறது. நேரடி மீடியா வசதி (குரல் பிபிஎக்ஸைத் தொடாமல் இரு முனைக்கும் இடையே நேராகப் போவது) இயங்குகிறதா என்று பாருங்கள்.

• மின்வெட்டுக்குப் பிறகு ஆரம்பித்தது: ரவுட்டருக்குப் புதிய பொது முகவரி கிடைத்திருக்கும், பிபிஎக்ஸ் பழையதையே எழுதிக்கொண்டிருக்கும்.

• ஃபைபர் அறுந்து 4ஜிக்கு மாறியதும் ஆரம்பித்தது: எஸ்டிபியில் ஃபைபர் முகவரி, பெக்கட் போவது 4ஜி வழியாக.

• மேசைப் போனில் சரி, டிவிஷன் அலுவலகப் போனில் மட்டும் கோளாறு: இடையிலுள்ள விபிஎன் வலையமைப்பு பிபிஎக்ஸின் உள்வலைப் பட்டியலில் இல்லை. உள்ளே இருக்கும் போனுக்கு பிபிஎக்ஸ் வெளி முகவரியை எழுதுகிறது.

திருத்தும் படிகள்

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சோதனை அழைப்பு எடுங்கள். பலன் இல்லையென்றால் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

1. பிபிஎக்ஸுக்குத் தன் பொது முகவரியைச் சொல்லுங்கள். ஃப்ரீபிபிஎக்ஸில் “ஆஸ்டரிஸ்க் சிப் செட்டிங்ஸ்” பக்கத்தில் “எக்ஸ்டேர்னல் அட்ரஸ்” இடத்தில் ரவுட்டரின் பொது முகவரியை இடுங்கள். “லோக்கல் நெட்வேர்க்ஸ்” இடத்தில் அலுவலகம், பெக்டரி, டிவிஷன் விபிஎன் என்று எல்லா உள்வலைகளையும் ஒன்று விடாமல் இடுங்கள்.

குறிப்பு: இந்த மாற்றத்துக்குப் பிறகு ஆஸ்டரிஸ்க்கை முழுமையாக மறுதொடக்கம் செய்யுங்கள். வெறுமனே அமைப்பை மீளேற்றினால் பழைய முகவரியே தொடரக்கூடும்.

2. ரவுட்டரில் “சிப் ஏஎல்ஜி” வசதியை அணையுங்கள். எஸ்டிபியைத் தானே திருத்த முயலும் இந்த வசதி பல ரவுட்டர்களில் அரைகுறையாகவே வேலைசெய்கிறது. பிபிஎக்ஸும் திருத்தி, ரவுட்டரும் திருத்தினால் முகவரி இன்னும் குழம்பும். அணைத்ததும் ரவுட்டரை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள்.

3. ஃபயர்வோலில் மீடியாவுக்கு வழிவிடுங்கள். ஆஸ்டரிஸ்க்கின் வழமையான ஆர்டிபி வரம்பு 10000 முதல் 20000 வரையான யூடிபி போர்ட்டுகள். நிறுவனம் தந்த மீடியா முகவரிகளிலிருந்து இந்த வரம்புக்கு வருவதை அனுமதியுங்கள். 5060ஐ நிறுவனத்தின் சிக்னலிங் முகவரிக்கு மட்டும் திறவுங்கள். உலகத்துக்கே திறந்துவைத்தால் சில மணி நேரத்துக்குள் கடவுச்சொல் தேடும் இயந்திரங்கள் தட்டத் தொடங்கும். உள்ளே புகுந்தால் வெளிநாட்டு அழைப்புக் கட்டணம் தோட்டத்தின் தலையில் விழும்.

4. நேரடி மீடியாவை அணையுங்கள். குரல் எப்போதும் பிபிஎக்ஸ் வழியாகவே போகட்டும். சின்ன அலுவலகத்துக்கு இதனால் சுமை ஒன்றும் கூடாது.

5. ட்ரங்க்கில் (பிபிஎக்ஸை சேவை நிறுவனத்தோடு இணைக்கும் அழைப்புப் பாதையில்) “ஆர்டிபி சிமெட்ரிக்” வசதியை இயக்குங்கள். குரல் எந்த முகவரியிலிருந்து வருகிறதோ அதற்கே பதில் போகும். எதிர்ப்பக்கம் நேட்டுக்குப் (உள்முகவரியைப் பொது முகவரியாக மாற்றும் ரவுட்டருக்குப்) பின்னால் இருக்கும்போது இது உதவும். ஆனால் “ஸ்ட்ரிக்ட் ஆர்டிபி” காவலை மட்டும் அணைக்காதீர்கள். அந்நியர் அழைப்பின் நடுவே பெக்கட்டைத் திணிப்பதை அதுதான் தடுக்கிறது.

6. 4ஜி ரவுட்டரைச் சோதியுங்கள். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் தெரியும் வெளி முகவரியையும், உலாவியில் “என் ஐபி முகவரி” காட்டும் தளத்தில் தெரிவதையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு என்றால் பொது முகவரி உங்கள் கையில் இல்லை. போர்ட் திறப்பது எதுவும் பலிக்காது. மூன்று வழிகள் உண்டு: நிறுவனத்திடம் நிலையான பொது முகவரி வாங்குவது; கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு விபிஎன் போட்டு அங்கிருந்து அழைப்பை வெளியே விடுவது; பதிவுசெய்து இணையும் வகை ட்ரங்க்கைக் கேட்டு, முதல் பெக்கட் வந்த இடத்துக்குப் பதில் அனுப்பும்படி நிறுவனத்தின் எல்லைக் கருவியை அமைக்கச் சொல்வது.

7. இரண்டு இணைப்பு இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ட்ரங்க், தனி வெளி முகவரி என்று பிரித்து அமையுங்கள். அது கடினம் என்றால், இரு இணைப்பிலும் ஒரே விபிஎன் ஓடும்படி செய்து, எஸ்டிபியில் விபிஎன் முகவரியை மட்டும் எழுத விடுங்கள்.

8. டிவிஷன்களுக்கு வெவ்வேறு வலை எண் கொடுங்கள். எல்லா ரவுட்டரும் பெட்டியிலிருந்து வந்தபடி 192.168.1 என்று இருந்தால், விபிஎன் போட்டதும் முகவரிகள் மோதும். 10.55.1, 10.55.2, 10.55.3 என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்று ஒதுக்கி, சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

நிறுவனங்களுக்கு இடையிலான கோளாறு என்றால்

ஒரு அழைப்பு உங்கள் சேவை நிறுவனத்தில் தொடங்கி, இடைநிலை நிறுவனம் ஒன்றைத் தாண்டி, மூன்றாவது நிறுவனத்தின் கைபேசியில் முடியலாம். வெளிநாட்டு அழைப்பில் இடைநிலைகள் இன்னும் கூடும். ஒவ்வொரு எல்லையிலும் இருக்கும் எஸ்பிசி என்ற எல்லைக் கருவி தன் முகவரியை எஸ்டிபியில் எழுதிவிட்டு அடுத்த பக்கம் தள்ள வேண்டும். ஒன்று தவறினாலும் குரல் தொலையும். அந்த இடம் உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. உங்கள் எல்லையில் வந்து சேர்ந்தது பிழை என்று காட்டினால் போதும். மேற்கொண்டு தேடுவது உங்கள் நிறுவனத்தின் பொறுப்பு.

புகாரை இப்படி எழுதுங்கள்:

“எங்கள் ட்ரங்க் எண் ….. . அழைத்த எண் ….. , அழைக்கப்பட்ட எண் ….. . நேரம் ….. , இலங்கை நேரம். எங்கள் பக்கக் கோல்-ஐடி ….. . நாங்கள் அனுப்பிய இன்வைட்டில் சி வரி ….. (பொது முகவரி). உங்களிடமிருந்து வந்த 200 ஓகேயில் சி வரி ….. (உள்முகவரி). 30 விநாடியில் நாங்கள் அனுப்பிய ஆர்டிபி ….. , எங்களுக்கு வந்தது ….. . இந்தக் கோளாறு ….. நிறுவன எண்களுக்கு மட்டும் ஏற்படுகிறது. மற்ற எண்களுக்கு இல்லை. பதிவுக் கோப்பு இணைக்கப்பட்டுள்ளது.”

குறிப்புகள்:

• எல்லைக் கருவிகள் கோல்-ஐடியை மாற்றிவிடுவது உண்டு. ஆகவே நேரத்தை விநாடிவரை எழுதுங்கள். பிபிஎக்ஸ் கடிகாரம் இணைய நேரத்தோடு பொருந்தியிருக்கிறதா என்று முன்னரே பாருங்கள்.
• வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதினால் உலகப் பொது நேரத்தையும் தாருங்கள். இலங்கை நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்தைக் கழிக்க வேண்டும்.
• புதிய அழைப்பின் ஆதாரம் கொடுங்கள். நாள் கடந்தால் அவர்கள் பக்கத்துப் பதிவு அழிந்திருக்கலாம்.
• புகார் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பல தடவை எழுதியும் தீராவிட்டால் அந்த இலக்கங்களோடு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

எச்சரிக்கை: மலிவு விலையில் வெளிநாட்டு அழைப்பைத் தோட்டத்து பிபிஎக்ஸ் வழியாக உள்ளூர் எண்களுக்கு இறக்கித் தருமாறு யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதைச் செய்வது சட்டவிரோதம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

1. ஆதாரம் எடுக்குமுன் எல்லாவற்றையும் மாற்றுவது. தற்செயலாகச் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மின்வெட்டில் கோளாறு திரும்பி வரும்.

2. ஒரு திசையை மட்டும் சோதிப்பது. உள்வரும் அழைப்பு சரியாகி, வெளிச்செல்லும் அழைப்பு பிழையாகவே இருக்கலாம். இன்வைட் எழுதுபவர் மாறுகிறார் என்பதை மறக்காதீர்கள்.

3. பத்து விநாடி பேசிவிட்டு “சரி” என்று வைப்பது. 32 விநாடிக் கோளாறு அதற்குள் வெளிப்படாது.

4. பிபிஎக்ஸை நேரடியாக இணையத்தில் வைப்பது. குரல் வந்துவிடும், கூடவே திருடரும் வருவார்.

5. எஸ்டிபியில் ஐபி6 முகவரி வருவதைக் கவனிக்காமல் விடுவது. நிறுவனம் ஐபி4 மட்டும் ஏற்றால், பிபிஎக்ஸின் அந்த ட்ரங்க்கை ஐபி4க்கு மட்டும் கட்டுங்கள்.

வேலை முடிந்தது என்று சொல்வதற்கு முன்

1. படி 3இன் அட்டவணையை மறுபடி முழுமையாக நடத்துங்கள். ஒவ்வொரு அழைப்பும் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல், இரு திசையிலும்.
2. ஒரு அழைப்பை ஹோல்டில் வைத்து எடுங்கள். இன்னொன்றை டிஸ்பென்சரிக்கு மாற்றிக் கொடுங்கள்.
3. ரவுட்டரை அணைத்துப் போட்டு மின்வெட்டை நீங்களே உண்டாக்குங்கள். திரும்ப வந்ததும் பொது முகவரி மாறியதா, குரல் வருகிறதா என்று பாருங்கள்.
4. இரண்டாவது இணைப்பு இருந்தால் ஃபைபரைக் கழற்றி 4ஜியில் ஒரு அழைப்பு எடுங்கள்.
5. எதிரொலிச் சோதனைக்குத் திருப்பிய எண்ணைப் பழைய இடத்துக்கே திருப்புங்கள். சோதனைக்காகத் திறந்த போர்ட்டுகளை மூடுங்கள். பதிவுக் கோப்பை அழியுங்கள்.
6. புதிய அமைப்பை நகலெடுங்கள். மூன்று முகவரிகள், செய்த மாற்றம், திகதி ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி, பிபிஎக்ஸ் பெட்டியருகே வையுங்கள்.
7. மழைக்காலம் தொடங்குமுன், ஒக்டோபருக்கு முதல், இந்தச் சோதனையை மறுபடி ஒருதடவை செய்யுங்கள். மண்சரிவு எச்சரிக்கை வரும் இரவில் அலுவலகத்தில் போனை எடுப்பவர் பெரும்பாலும் காவலாளியாக இருப்பார். குரல் வராவிட்டால் எந்தக் கைபேசியை எடுத்து எந்த எண்ணை அழைப்பது என்பதை அவருக்கும் சொல்லி, பெரிய எழுத்தில் எழுதிப் போனருகே ஒட்டிவிட்டு வாருங்கள்.